'பெஸ்டெம்மிங்ஸ்பிளான்' என்பதற்கு ஆங்கிலத்தில் எதை எழுதுவது?

நெதர்லாந்தின் வாகெனிங்கனில் படிக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார். நகராட்சி ஒன்றின் நாற்பது பக்க டச்சு அறிக்கையை ஆங்கிலத்தில் தரும்படி பேராசிரியர் சொல்லியிருக்கிறார். இணைய மொழிபெயர்ப்பியில் போட்டால் 'பெஸ்டெம்மிங்ஸ்பிளான்' என்ற ஒரே சொல் ஒரு பக்கத்தில் 'ஸோனிங் பிளான்', அடுத்த பக்கத்தில் 'லேண்ட் யூஸ் பிளான்', இன்னோர் இடத்தில் 'டெஸ்டினேஷன் பிளான்' என்று வருகிறதாம். 'நட்யூர்-ஒன்ட்விக்கெலிங்', 'ஒன்ட்ஹெஃபிங்' என்று இன்னும் இரண்டு சொற்களையும் எழுதி, எது சரி, நம்பகமான அகராதி ஏதாவது உண்டா என்று முடித்திருக்கிறார்.

அகராதி என்று கேட்டாலும், உங்களுக்கு வேண்டியது வேறு என்று நினைக்கிறேன். இந்தச் சொற்களில் எவற்றுக்கு ஆங்கிலம் ஏற்கெனவே முடிவாகிவிட்டது, எவற்றில் முடிவு உங்கள் கையில் இருக்கிறது என்பதுதான் கேள்வி. அது தெரிந்துவிட்டால் அகராதி பாதி வேலைக்குப் போதும். தெரியாவிட்டால் பத்து அகராதி இருந்தும் இதே இடத்தில்தான் நிற்பீர்கள்.

நான் இந்த நாட்டுக்கு வந்து பதினாறு வருடமாகிறது. முதல் ஐந்து வருடம் சூழலியல் களப்பணி. அதன்பிறகு இதே துறையின் அறிக்கைகளை ஆங்கிலமாக்குவதும், மற்றவர்கள் ஆங்கிலமாக்கியதைத் திருத்துவதும். சட்டம் படித்தவனில்லை. ஆகவே செடி, சேறு, பறவை பற்றி நான் சொல்வதைக் கொஞ்சம் கூடுதலாகவும், சட்டம் பற்றிச் சொல்வதைக் கொஞ்சம் குறைவாகவும் நம்புங்கள். இன்னொன்று: டச்சுக்காரர்கள் தொண்டையைச் செருமிக்கொண்டு சொல்லும் எழுத்தைத் தமிழில் 'ஹ' என்று எழுதியிருக்கிறேன். வேறு வழி தெரியவில்லை.

பெஸ்டெம்மிங்ஸ்பிளானிலிருந்தே தொடங்கலாம். 'பெஸ்டெம்மிங்' என்றால் போய்ச்சேரும் இடம், விதிக்கப்பட்ட பயன் என்று இரண்டு பொருளும் உண்டு. ரயில் நிலையத்தில் அது முதல் பொருள், நகராட்சி அலுவலகத்தில் இரண்டாவது. இயந்திரம் ரயில் நிலையத்திலிருந்து எடுத்துக்கொண்டதுதான் 'டெஸ்டினேஷன் பிளான்'. அதை உடனே அடித்துவிடுங்கள். மீதி இரண்டோடு, இயந்திரம் தராத 'லோக்கல் பிளான்' என்பதையும் சேர்த்தால் மூன்று: ஸோனிங் பிளான், லேண்ட் யூஸ் பிளான், லோக்கல் பிளான். மூன்றும் அச்சில் புழங்குகின்றன, மூன்றுக்கும் ஆதரவாளர்கள் உண்டு.

சொல்லை எடைபோடுவதைவிட, அந்த ஆவணம் என்ன வேலை செய்கிறது என்று பார்த்தால் தெளிவாகும். டச்சு முறையில் அந்தத் திட்டம் குடிமக்களைக் கட்டுப்படுத்துகிறது. இந்த மனையில் வீடு, அந்த வயலில் விவசாயம், கூரை இவ்வளவு மீட்டருக்குமேல் போகக்கூடாது என்று வரைபடமும் விதியுமாகச் சொல்கிறது. உங்கள் விண்ணப்பம் அதற்குள் அடங்கினால், திட்டமிடல் காரணத்தைக் காட்டி நகராட்சி மறுக்க முடியாது. இங்கிலாந்தில் கதை வேறு. 1947ஆம் ஆண்டுத் திட்டமிடல் சட்டத்துக்குப் பிறகு கட்டுமானத்துக்கு அனுமதி கேட்டே ஆகவேண்டும், சிறுவேலைகளுக்குத்தான் விலக்கு. 'லோக்கல் பிளான்' அங்கே முடிவெடுக்கும்போது பார்க்கவேண்டிய முக்கியமான கொள்கை ஆவணம். அதில் இருப்பதாலேயே உங்களுக்கு உரிமை வந்துவிடாது. அதனால் டச்சுத் திட்டத்தை 'லோக்கல் பிளான்' என்று எழுதினால் பிரிட்டிஷ் வாசகருக்கு ஒவ்வொரு எழுத்தும் புரியும், ஆனால் தவறாகப் புரியும். புரியாமல் இருப்பதைவிட இது மோசம், ஏனென்றால் அவர் சந்தேகப்பட்டுக் கேட்கமாட்டார்.

'ஸோனிங் பிளான்' அமெரிக்க வாடை உள்ள சொல். ஆனால் கட்டுப்படுத்தும் தன்மையை அது சரியாகக் கடத்துகிறது. என் வேலையில் அதையே எழுதுகிறேன். முதல்முறை வரும்போது டச்சுச் சொல்லையும் சாய்வெழுத்தில் பக்கத்தில் வைத்து, 'நகராட்சி இயற்றும், சட்டப்படி கட்டுப்படுத்தும் நிலப்பயன் திட்டம்' என்று ஒருவரி விளக்கமும் தருவேன். 'லேண்ட் யூஸ் பிளான்' தவறில்லை. கொஞ்சம் மெத்தென்று இருக்கிறது, அவ்வளவுதான். இது என் தேர்வு. இதில் உறுதியாக இருப்பவர்கள் மறுபக்கத்திலும் உண்டு. ஆனால் ஒரே அறிக்கைக்குள் இரண்டை மாற்றி மாற்றி எழுதுவதை எந்தப் பக்கத்தவரும் ஏற்கமாட்டார்கள். படிப்பவர் இரண்டு வேறு ஆவணங்கள் என்று நினைத்துக்கொள்வார்.

உங்கள் அறிக்கையின் தேதியையும் பாருங்கள். 2024 ஜனவரி 1 அன்று 'ஓம்ஹேவிங்ஸ்வெட்' என்ற புதிய சட்டம் நடைமுறைக்கு வந்து, இருபத்தாறு சட்டங்களை முழுதாகவோ பகுதியாகவோ விழுங்கிவிட்டது. அன்றே ஒரு நகராட்சியின் எல்லாப் பெஸ்டெம்மிங்ஸ்பிளான்களும் சேர்ந்து 'ஓம்ஹேவிங்ஸ்பிளான்' என்ற ஒற்றைத் திட்டத்தின் தற்காலிகப் பகுதியாகிவிட்டன. அவற்றைப் புதுவடிவில் எழுதி முடிக்க நகராட்சிகளுக்கு 2031 இறுதி வரை அவகாசம். சட்டத்தின் பெயரை டச்சு அரசே ஆங்கிலத்தில் 'என்விரான்மென்ட் அண்ட் பிளானிங் ஆக்ட்' என்றுதான் எழுதுகிறது. வெறும் 'என்விரான்மென்ட் ஆக்ட்' என்று விடாததற்குக் காரணம் உண்டு. 'ஓம்ஹேவிங்' என்பது நம்மைச் சுற்றி இருப்பதெல்லாம்: கட்டடம், சாலை, நீர், மண், மரபுச்சின்னம். மாசு, கழிவு, இரைச்சல் என்ற பொருளில் சுற்றுச்சூழல் என்பதற்கு டச்சில் 'மில்யூ' என்று தனிச்சொல் இருக்கிறது. செடிகொடி, பறவைகளுக்கு 'நட்யூர்'. டச்சு மூன்றாகப் பிரித்துவைத்ததை ஆங்கிலம் 'என்விரான்மென்ட்' என்ற ஒரே பையில் போடுகிறது. சட்டத்தின் பெயருக்கு ஆங்கிலம் உறுதி. அதன் கீழே வரும் ஓம்ஹேவிங்ஸ்பிளானுக்கு இன்னும் ஒரே வடிவம் நிலைக்கவில்லை. ஒன்றைத் தேர்ந்து, டச்சுச் சொல்லோடு சேர்த்து எழுதுங்கள். 'என்விரான்மென்டல் பிளான்' மட்டும் வேண்டாம். குப்பை மேலாண்மைத் திட்டம் என்று நினைப்பார்கள்.

இனி, உங்கள் கையில் முடிவே இல்லாத சொற்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் பறவைகள் ஆணை 1979இல் வந்தது, வாழிட ஆணை 1992இல். இரண்டும் எல்லா அலுவல் மொழிகளிலும் சம அதிகாரத்தோடு இருக்கின்றன. டச்சு அறிக்கையில் அந்த ஆணையிலிருந்து வந்த சொல் இருந்தால், அதற்கான ஆங்கிலம் அதே ஆணையின் ஆங்கிலப் பிரதியில், அதே பிரிவில் ஏற்கெனவே அச்சாகியிருக்கிறது. அதைக் கண்டுபிடிப்பதுதான் வேலை, அழகாக எழுதுவது வேலையே அல்ல. 'பாஸெண்ட பெஓர்டேலிங்' என்பதை இயந்திரம் 'ஸூட்டபிள் அசெஸ்மென்ட்' என்று தரக்கூடும். ஆங்கிலமாகப் பார்த்தால் குற்றமில்லை. ஆனால் வாழிட ஆணையின் 6(3) பிரிவில் அது 'அப்ரோப்ரியேட் அசெஸ்மென்ட்'. துறை தெரிந்தவர் கண் அந்த இரண்டு சொல்லையே தேடும். அதுபோல் ஒரு திட்டத்தை இயற்கைக்குக் கேடு என்று தெரிந்தும் அனுமதிப்பதற்குக் காட்டும் காரணத்தை டச்சுக்காரர்கள் 'பெரும் பொதுநலனுக்கான வலுவான காரணங்கள்' என்ற பொருளில் எழுதுவார்கள். ஆங்கிலத்தில் அது 'இம்பெரட்டிவ் ரீஸன்ஸ் ஆஃப் ஓவர்ரைடிங் பப்ளிக் இன்ட்ரஸ்ட்'. ஒரு சொல்லையும் மாற்றாதீர்கள். 'கம்பெல்லிங்', 'மேஜர்' என்று போட்டால் வேறு சட்டச்சோதனை என்று ஆகிவிடும்.

இந்த வகையில் ஒரு குழி இருக்கிறது. 'ஸ்பெசியாலெ பெஸ்ஹெர்மிங்ஸ்ஸோனெ' என்று டச்சில் ஒரே சொல். பறவைகள் ஆணையின் கீழ் அறிவித்த இடத்துக்கும் அதுதான், வாழிட ஆணையின் கீழ் அறிவித்த இடத்துக்கும் அதுதான். ஆங்கிலத்தில் முன்னது 'ஸ்பெஷல் ப்ரொடெக்ஷன் ஏரியா', பின்னது 'ஸ்பெஷல் ஏரியா ஆஃப் கன்சர்வேஷன்'. அகராதி உங்களுக்கு ஒன்றைத்தான் தரும். எந்த ஆணையின் கீழ் அந்த இடம் அறிவிக்கப்பட்டது என்று அறிவிப்பாணையைத் திறந்து பார்த்தால்தான் தெரியும். இரண்டின் கீழும் அறிவிக்கப்பட்ட இடங்களும் உண்டு, அப்போது இரண்டையும் எழுதவேண்டும். இங்கே மொழிபெயர்ப்பவர் சொல்லை மாற்றினால் போதாது, டச்சு அறிக்கையில் எழுதாத ஒரு தகவலைத் தேடிச் சேர்க்கவும் வேண்டும்.

எதிர்த்திசையிலும் இப்படி நடக்கும். சுற்றுச்சூழல் தாக்க ஆய்வில் எம்-இ-ஆர் என்று ஒரு சுருக்கம் வரும். பெரிய எழுத்தில் இருந்தால் அது அறிக்கை. சிறிய எழுத்தில் புள்ளி வைத்து எழுதியிருந்தால் அது நடைமுறை. எழுத்தின் அளவில் பொருள் மாறும் சொல்லை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

நீங்கள் கேட்ட 'ஒன்ட்ஹெஃபிங்' இந்தச் சட்டச் சொற்களோடு சேர்ந்தது. 'வெர்ஹுன்னிங்' என்றால் அனுமதி. 'வ்ரைஸ்டெல்லிங்' என்றால் ஒரு வகையினர் எல்லோருக்கும், அல்லது ஒருவகைச் செயல் முழுவதுக்கும், விதியிலிருந்து பொதுவிலக்கு. அதை யாரும் விண்ணப்பித்து வாங்கவேண்டியதில்லை. ஒன்ட்ஹெஃபிங் என்பது தடை இருக்கும்போது ஒரு குறிப்பிட்ட ஆளுக்கு, ஒரு குறிப்பிட்ட காரியத்துக்குக் கேட்டு வாங்கும் விலக்கு. வௌவால் தங்கும் கூரையை இடிக்கவேண்டும் என்றால் கேட்பது இது. பின்னிரண்டையும் ஆங்கிலத்தில் 'எக்ஸம்ப்ஷன்' என்று எழுதுவதுதான் வழக்கமான தவறு. பொதுவிலக்குக்கு 'ஜெனரல் எக்ஸம்ப்ஷன்' என்று வையுங்கள். தனிவிலக்குக்கு, உயிரினப் பாதுகாப்பு பற்றிய இடமாக இருந்தால் 'டெரொகேஷன்' என்பதே என் பரிந்துரை, ஏனென்றால் வாழிட ஆணையின் 16ஆம் பிரிவு பேசுவது அந்தச் சொல்லில். மற்ற இடங்களில் 'இன்டிவிஜுவல் எக்ஸம்ப்ஷன்' போதும். 2024க்குப் பிந்தைய ஆவணமாக இருந்தால் இன்னொன்றும் கவனிக்கவேண்டும்: உயிரின ஒன்ட்ஹெஃபிங் இப்போது புதிய சட்டத்தின் கீழ் அனுமதி என்ற வடிவத்துக்குள் போய்விட்டது. பழைய சொல் பழக்கத்தில் இன்னும் ஓடுகிறது.

இப்போது 'நட்யூர்-ஒன்ட்விக்கெலிங்'. இந்தச் சொல்லிடம் நான் ஒருமுறை நன்றாக அடிவாங்கியிருக்கிறேன்.

மொழிபெயர்ப்புக்கு வந்த புதிது. ஆற்றோர நிலம் ஒன்றைப் பற்றிய அறிக்கை. சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'நட்யூர்' நேச்சர், 'ஒன்ட்விக்கெலிங்' டெவலப்மென்ட். டச்சுக்காரர்களே ஆங்கிலத்தில் பேசும்போது 'நேச்சர் டெவலப்மென்ட்' என்றுதான் சொல்வார்கள். நானும் அப்படியே எழுதினேன்: அறுபது ஹெக்டேரில் நேச்சர் டெவலப்மென்ட் நடக்கும். கருத்துச் சொல்ல அமர்த்தியிருந்த ஆங்கிலேயச் சூழலியலாளரிடமிருந்து வரைவு திரும்பி வந்தபோது, ஓரத்தில் ஒரே கேள்வி எழுதியிருந்தார்: 'எத்தனை வீடுகள்?' கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டிருந்தார். பிரிட்டனில் 'டெவலப்மென்ட்' என்பது திட்டமிடல் சட்டமே வரையறுத்த சொல். கட்டடம், பொறியியல் வேலை, சுரங்கம், நிலத்தின் பயனை மாற்றுவது எல்லாம் அதில் அடங்கும். இயற்கைப் பகுதியில் டெவலப்மென்ட் என்றதும் அவர் கண்முன் செங்கல் லாரிகள் வந்திருக்கின்றன. அறிக்கை சொன்னதோ, களிமண்ணை வெட்டியெடுத்து, பழைய ஆற்றுக்கிளையைத் திறந்து, வயலைச் சதுப்பாக்குவது. அன்றிலிருந்து 'ஹாபிடட் க்ரியேஷன்' என்று எழுதுகிறேன். முன்பு இருந்து அழிந்ததை மீட்பதென்றால் 'ரெஸ்டரேஷன்'. எது என்று தீர்மானிக்க அந்த இடத்தின் வரலாறு தெரிந்திருக்கவேண்டும். டச்சுச் சொல் அந்தக் கேள்வியையே கேட்பதில்லை.

ஏன் கேட்பதில்லை என்பதில்தான் விஷயம் இருக்கிறது. நம் காதுக்கு இயற்கை என்றால் தானாக இருப்பது, யாரும் செய்யாதது. டச்சுத் திட்டமிடலில் 'நட்யூர்' ஒரு நிலப்பயன். வரைபடத்தில் வீட்டுக்கு ஒரு நிறம், விவசாயத்துக்கு ஒரு நிறம் என்பதுபோல் நட்யூருக்கும் ஒரு நிறம். அதை ஹெக்டேர் கணக்கில் வாங்கலாம், கூட்டலாம், இடம் மாற்றலாம், புதிதாகச் செய்யலாம். 'புதிய நட்யூர்' என்று அரசு ஆவணங்கள் சாதாரணமாக எழுதும். ஓஸ்ட்வார்டர்ஸ்பிளாஸன் இதற்கு நல்ல சாட்சி. ஐயெஸல் ஏரியின் அடியாக இருந்து 1968இல் நீர் வடிந்து வெளிப்பட்ட ஃப்ளேவோலண்ட் போல்டரில் (அணை கட்டி மீட்ட நிலம்), தொழிற்சாலைகளுக்கு என்று குறித்துவைத்த தாழ்ந்த மூலையில் நாணலும் வாத்துகளும் குடியேறின. இன்று அது பல ஆயிரம் ஹெக்டேர் பாதுகாக்கப்பட்ட ஈரநிலம். கடல்மட்டத்துக்குக் கீழே, அணைக்குள்ளே, மனிதன் செய்த மண்ணில். அதை ஆங்கிலத்தில் 'நேச்சர்' என்று மட்டும் எழுதினால் பாதிக் கதை விழுந்துவிடும். ஆகவே 'நட்யூர்' வரும் இடத்தில் எல்லாம் ஒரு நொடி நில்லுங்கள். நிலப்பயனைச் சொல்கிறதென்றால் 'கன்சர்வேஷன் லேண்ட்'. பாதுகாக்கப்பட்ட இடத்தைச் சொன்னால் 'ரிஸர்வ்'. செடி, விலங்குகளைச் சொன்னால் 'வைல்ட்லைஃப்'. உண்மையிலேயே பொதுவாகச் சொல்லும்போது மட்டும் 'நேச்சர்'.

'இன்ரிஹ்டிங்' என்ற சொல்லையும் இதே பார்வையில் படியுங்கள். வாடகை வீட்டில் சோபாவை எங்கே போடுவது, திரைச்சீலை எந்த நிறம் என்று ஒழுங்குபடுத்துவதற்கு டச்சில் என்ன வினையோ, அதே வினைதான் ஒரு பள்ளத்தாக்கை ஒழுங்குபடுத்துவதற்கும். சாலையையும் வாய்க்காலையும் மரவரிசையையும் அறைக்குள் சாமான் வைப்பதுபோல் வைக்கிறார்கள். ஆங்கிலத்தில் இடத்துக்கேற்ப 'லேஅவுட்', 'டிசைன்' என்று எழுதித் தப்பிக்கலாம். ஆனால் பழைய சுற்றுச்சூழல் சட்டத்தில் அதே சொல்லுக்குத் தொழிற்கூடம், பண்ணை போன்ற 'நிலையம்' என்று பொருள். அனுமதி, இரைச்சல் என்று பேசும் பத்தியில் வந்தால் 'லேஅவுட்' என்று எழுதிவிடாதீர்கள். 'குல்ட்யூர்ஹ்ரோன்ட்' என்பதிலும் அருங்காட்சியகத்தைத் தேடவேண்டாம். அது வெறும் விவசாய நிலம். இவர்கள் கலாச்சாரம் உழவிலிருந்தே தொடங்குகிறது. நமக்கும் 'பண்' என்ற அடியிலிருந்து பண்ணையும் பண்பாடும் வந்ததாகச் சொல்வார்கள், அதனால் இது தமிழருக்குச் சீக்கிரம் பிடிபடும்.

நிலத்தோற்றச் சொற்களில் அகராதியைவிடக் காலணி உதவும். 'வென்' என்ற டச்சுச் சொல்லும் 'ஃபென்' என்ற ஆங்கிலச் சொல்லும் ஒரே வேரில் பிறந்தவை. பொருளில் பிரிந்து வெகுதூரம் போய்விட்டன. வென் என்பது ஹீத்புதர் மண்டிய மணல்மேட்டில், மழைநீர் கீழே இறங்காமல் தேங்கிக் கிடக்கும் ஆழமில்லாத குட்டை. தேநீர் நிறத் தண்ணீர், கொஞ்சம் புளிப்பு, ஓரத்தில் பாசி. ஃபென் என்பது நிலத்தடி நீர் ஊறி, தாதுக்கள் நிறைந்து, நாணலும் கோரையும் வளர்ந்த கரிச்சதுப்பு. கரி என்று நான் சொல்வது பாதி மக்கிய செடிகள் அடுக்காய்ப் படிந்த மண், ஆங்கிலத்தில் 'பீட்'. இரண்டிலும் ஒரே செடிப்பட்டியலை எதிர்பார்த்துப் போனவன் ஏமாந்துபோவான். வென்னை ஆங்கிலத்தில் 'மூர்லண்ட் பூல்' என்பது வழக்கம். ஃபென்னுக்கு இணையான டச்சு 'லாஹ்வேன்', சொல்லுக்குச் சொல் 'தாழ்கரி'. அதன் எதிர் 'ஹோஹ்வேன்', 'உயர்கரி'. ஆங்கிலத்தில் 'ரெய்ஸ்ட் பாக்'. மழைநீரை மட்டுமே குடித்து, சுற்றுப்புறத்தைவிட உயரமாக வளரும் பாசிமேடு அது. 'ஹை பீட்' என்று யாராவது எழுதியிருந்தால் அவர் களத்துக்குப் போனதில்லை என்று தெரிந்துகொள்ளலாம். 'நீலப்புல்வெளி' என்று ஒன்று வரும். வாழிட ஆணையின் முதல் இணைப்பில் அது 'மொலினியா மெடோஸ்'. நீலத்தைக் கடத்தவே வேண்டாம்.

கடலோரத்தில் தலைகீழ். உவர்சதுப்புக்கு வடக்கே 'க்வெல்டர்', தெற்கே ஸேலண்டில் 'ஸ்ஹோர்', நடுவே தென்ஹாலந்தில் 'ஹோர்ஸ்'. மூன்றும் ஆங்கிலத்தில் 'ஸால்ட்மார்ஷ்'. ஏரி, குளம், கண்மாய், ஏந்தல் எல்லாவற்றையும் ஆங்கிலேயன் 'டேங்க்' என்று எழுதிவைத்துவிட்டுப் போனதைப் பார்த்த நமக்கு இது புதிதில்லை. இழப்புதான், ஆனால் அறிக்கைக்குப் போதும். இடப்பெயரில் அந்தச் சொல் இருந்தால் மட்டும் அப்படியே விட்டுவிடுங்கள். 'டைக்' என்பதில் எச்சரிக்கை: இங்கே அது கரை. கிழக்கு இங்கிலாந்தின் சதுப்புநிலத்தில் அதே சொல்லுக்கு வடிகால் பள்ளம் என்று பொருள். கரையை அமெரிக்கர் 'லெவி' என்பார். பிரிட்டிஷ் வாசகர் என்றால் 'ஃப்ளட் எம்பேங்க்மென்ட்' என்று எழுதினால் சண்டை வராது.

நைட்ரஜன் பற்றி உங்கள் அறிக்கையில் கட்டாயம் ஏதாவது இருக்கும். 2019 மே 29 அன்று நாட்டின் உச்ச நிர்வாக நீதிமன்றமான ராட் வன் ஸ்டாட், அரசின் நைட்ரஜன் திட்டத்தை வீழ்த்தியதிலிருந்து, அது இல்லாத நகராட்சி அறிக்கையை நான் பார்க்கவில்லை. 'ஸ்டிக்ஸ்டோஃப்' என்று அவர்கள் எழுதுவது காற்றில் 78 சதவீதம் இருக்கும் நைட்ரஜனை அல்ல. பண்ணைகளிலிருந்து வரும் அம்மோனியாவும், எஞ்சின்களிலிருந்து வரும் நைட்ரஜன் ஆக்ஸைடுகளும், அவை நிலத்தில் படிவதும்தான் பொருள். ஆங்கிலத்தில் முதல்முறையாவது 'நைட்ரஜன் டெபொஸிஷன்' என்று முழுதாக எழுதுங்கள். ஒரு வாழிடம் எவ்வளவு படிவைத் தாங்கும் என்ற எல்லையை டச்சு நீளமாக 'க்ரிட்டிஸெ டெபோஸிட்ஸிவார்டெ' என்கிறது. ஆங்கிலத்தில் அது 'க்ரிட்டிகல் லோட்', 'வேல்யூ' தேவையில்லை. அலகையும் பாருங்கள். டச்சு ஆவணங்கள் ஹெக்டேருக்கு ஆண்டுக்கு இத்தனை மோல் என்று எழுதும், ஆங்கில ஆய்வுகள் கிலோவில் எழுதும். ஒரு மோல் நைட்ரஜன் 14 கிராம், ஆகவே 500 மோல் என்றால் 7 கிலோ. மோலை அப்படியே விட்டால், 500 என்ற எண்ணைப் பார்த்துப் படிப்பவர் மிரண்டுபோவார். அடைப்புக்குள் கிலோவையும் கொடுத்துவிடுவது என் பழக்கம்.

நிறுவனப் பெயர்களில் குறைவாக மொழிபெயர்ப்பதே நல்லது. 1798இல் தொடங்கிய 'ரைக்ஸ்வாட்டர்ஸ்டாட்' ஆங்கிலத்திலும் ரைக்ஸ்வாட்டர்ஸ்டாட்தான். அவர்களே அப்படித்தான் எழுதுகிறார்கள். அதில் உள்ள 'ரைக்' தனியாக வரும்போது பேரரசு, ராஜ்யம் என்று போகாதீர்கள், 'சென்ட்ரல் கவர்ன்மென்ட்' போதும். 'நோட்டா' என்பது குறிப்புச்சீட்டு இல்லை, அரசின் கொள்கை ஆவணம். 'வாட்டர்ஸ்ஹாப்' நாட்டில் 21 இருக்கின்றன. தங்களுக்கென்று தேர்தலும் வரியும் உள்ள நீர் நிர்வாகங்கள் அவை. 'வாட்டர் போர்டு' என்பது பழைய வழக்கம். இன்று அவற்றின் கூட்டமைப்பு ஆங்கிலத்தில் 'வாட்டர் அதாரிட்டி' என்ற சொல்லையே விரும்புகிறது. எனக்கும் அதுவே உசிதம், 'போர்டு' என்றால் குழாய்த்தண்ணீர் விடும் அலுவலகம் என்று தோன்றிவிடும். புறம்போக்கு என்ற சொல்லை ஆங்கிலேய வருவாய்த்துறை மொழிபெயர்க்காமல் அப்படியே எடுத்துக்கொண்டது நினைவிருக்கலாம். தரிசு என்றோ வீண்நிலம் என்றோ எழுதியிருந்தால் மேய்ச்சலும் மயானமும் நீர்வழியும் அந்த ஒரு சொல்லில் காணாமல் போயிருக்கும். 'போல்டர்' என்ற சொல்லை ஆங்கிலம் இதேபோல் கடன்வாங்கியது. 'லேண்ட்ஸ்கேப்'கூட டச்சு ஓவியர்களிடமிருந்து போனதுதான். கடன் கேட்க வெட்கப்படவேண்டாம்.

அரசே நல்ல ஆங்கிலம் தந்திருந்தால் அதற்குமேல் நாம் புத்திசாலித்தனம் காட்டக்கூடாது. 1993, 1995 வெள்ளங்களுக்குப் பிறகு ஆறுகளுக்கு அகலம் தந்த திட்டத்தின் பெயரில் உள்ள 'ராய்ம்த' என்ற சொல்லுக்கு 'ஸ்பேஸ்' என்று எழுதத் தோன்றும். அதிகாரபூர்வப் பெயர் 'ரூம் ஃபார் தி ரிவர்'. உலகம் முழுவதும் அந்தப் பெயரில்தான் தேடுவார்கள்.

அகராதி கேட்டீர்கள். இரண்டு போதும். ஐரோப்பிய ஒன்றியத்தின் யூர்-லெக்ஸ் தளத்தில் ஓர் ஆணையை டச்சிலும் ஆங்கிலத்திலும் பக்கம்பக்கமாகத் திறக்கலாம். அதே ஒன்றியத்தின் ஐயாட்டெ சொற்களஞ்சியம் ஒவ்வொரு சொல்லுக்கும் எவ்வளவு நம்பகம் என்றும் குறித்திருக்கும். டச்சுச் சட்டங்களுக்குக் கிடைக்கும் ஆங்கில வடிவங்கள் உதவும், ஆனால் சட்டமதிப்பு டச்சு மூலத்துக்கு மட்டுமே. மூன்றாவதாக, நீங்களே நான்கு பத்தி கொண்ட ஒரு கோப்பு தொடங்குங்கள்: டச்சு, ஆங்கிலம், எங்கிருந்து எடுத்தது, உறுதியா தேர்வா. கடைசிப் பத்தியை நிரப்பும்போதுதான் எங்கே ஊகித்தீர்கள் என்று உங்களுக்கே தெரியும். என்னுடையதில் பாதிக்குமேல் 'தேர்வு' என்றுதான் இருக்கிறது. இந்த அறிக்கை நீதிமன்றத்துக்கோ பத்திரப்பதிவுக்கோ போகிறதென்றால் மட்டும் நீங்களும் வேண்டாம், நானும் வேண்டாம். நெதர்லாந்தில் உறுதிமொழி எடுத்த மொழிபெயர்ப்பாளர்களுக்கு அரசுப் பதிவேடு இருக்கிறது, அதில் உள்ளவரிடம் கொடுங்கள்.

ஒன்றை நீங்கள் சொல்லவில்லை: ஆங்கிலத்தில் இதை யார் படிக்கப்போகிறார்கள்? பிரிட்டிஷ் ஆய்வாளரா, பிரஸ்ஸல்ஸ் அதிகாரியா, டச்சு தெரியாத வகுப்புத்தோழரா? டைக்கா எம்பேங்க்மென்டா என்பதையும், டச்சுச் சொல்லைப் பக்கத்தில் வைப்பதா வேண்டாமா என்பதையும் அந்தப் பதில்தான் தீர்மானிக்கும். இரண்டாவது பக்கத்தைத் தொடுமுன் பேராசிரியரிடம் கேட்டுவிடுங்கள். அவர் 'எல்லோரும்தான்' என்றால், பிரிட்டிஷ்காரர் என்று வைத்துக்கொண்டு எழுதுங்கள். 'எத்தனை வீடுகள்' என்று கேட்கக்கூடியவர் அவர்தான்.